டாப்சிலிப்: மரம் சறுக்கிய மலை



பொள்ளாச்சியில் இருந்து சேத்துமடை வழியாக சுமார் 35 கிலோமீட்டர் போனால் ஆனைமலைக் காட்டுக்குள் டாப்சிலிப் வரும். பெரிய கடைவீதி எல்லாம் கிடையாது. வனத்துறை வீடுகள், விடுதி, ஒரு புல்வெளி, அவ்வளவுதான். வாசலிலேயே புள்ளிமானும் காட்டுப்பன்றியும் மேயும். பொழுது சாய்ந்தால் யானைக்குப் பயந்து யாரும் தனியாக நடக்க மாட்டாங்க.

இந்தப் பேர் எப்படி வந்தது? 1800-களில் வெள்ளைக்காரங்க இங்கே தேக்கு வெட்டினாங்க. பம்பாயில் கப்பல் கட்டவும், பிறகு ரயில் பாதைக் கட்டைக்கும் மரம் போனது. யானைகள் இழுத்து வந்த மரங்களை மலை உச்சியில் இருந்து கீழே சறுக்கி விட்டாங்க. அதையே ஆங்கிலத்தில் டாப்சிலிப் என்று சொல்லிச் சொல்லி ஊர்ப்பேர் ஆகிவிட்டது. வெட்டிக்கொண்டே போனதில் மலை மொட்டையாகி வந்தது.

1915 வாக்கில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மரம் மறுபடி துளிர்க்கும் என்று அந்த முறையைக் கொண்டுவந்தார். பாக்கெட்டில் தேக்கு விதையோடு நடப்பாராம், கைத்தடியால் குழி குத்திப் போடுவாராம். இதை இன்றும் கதையாகச் சொல்றாங்க. 1933-ல் இறந்தார். அவர் சமாதி அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது.

நல்ல மனுசன், அவர் பேர் கல்லில் இருக்கட்டும். ஆனால் அவர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே காடர், மலசர், முதுவர் ஜனங்கள் இந்தக் காட்டில் வாழ்ந்தாங்க. கோழிகமுத்தி முகாமில் இன்றும் மலசர்கள்தான் யானையைக் குளிப்பாட்டி, ராகியும் கொள்ளும் உருட்டி ஊட்டி வளர்க்கிறாங்க. காடர் பெண்கள் காட்டுக்கிழங்கு தோண்டினால் கொடியோடு ஒரு துண்டை மண்ணிலேயே விட்டு மூடுவாங்க, அடுத்த வருசத்துக்கு. நம்ம குழுவில் அசலைக் கைவைக்காமல் வட்டியில் செலவு பார்ப்பது மாதிரிதான். இவங்க பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்கிறவர்களுக்கு நிலத்தின் மேல் உரிமை உண்டு என்றது. கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தப் பட்டாவை கணவன், மனைவி இரண்டு பேர் பேரிலும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இது நிறைய பேருக்குத் தெரியாது. மலையில் இருக்கும் சகோதரிகளைப் பார்த்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். காட்டைக் காத்தவள் பேர் கல்லில் இல்லாவிட்டாலும் பட்டாவில் இருக்க வேண்டும்.