எந்த 'கைண்ட் ஒஃப் புளூ'வைக் கேட்கிறோம்?

1959 மார்ச் 2ஆம் திகதி, நியூயோர்க்கில் பழைய தேவாலயம் ஒன்றை மாற்றியமைத்த கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் வீதி ஒலிப்பதிவுக்கூடத்தில் இரண்டு நாடா இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பிரதான பதிவுக்கு. மற்றது, ஏதும் பிழைச்சால் கைகொடுக்கட்டும் எண்டு வைத்த காப்புப் பதிவுக்கு. பிரதான இயந்திரம் அண்டைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடியது. ஒருத்தரும் கவனிக்கேல்ல.

மெதுவாக ஓடும் இயந்திரத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இசை வேகமாகும், சுருதியும் ஏறும். (மெதுவாக ஓடினால் சுருதி இறங்கத்தானே வேணும் எண்டு நாங்களும் முதலில் குழம்பினனாங்கள். குறைந்தது பதியும்போது, கேட்கும்போது அல்ல.) அப்படித்தான் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' இசைத்தட்டின் முதற்பக்கத்திலுள்ள மூன்று பாட்டுகளும், பாட்டு எண்டு சொல்லுறம், பாடுறவர் ஒருத்தரும் இல்லை, அரைச் சுரத்துக்கும் குறைவான அளவு சுருதி ஏறி அந்த ஓகஸ்ட்டில் கடைக்கு வந்தன. ஏப்ரல் 22இல் பதிந்த இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

1992இல்தான் மறுவெளியீடு ஒன்றுக்காகக் காப்பு நாடாவை எடுத்து வேகத்தைத் திருத்தினார்கள். 33 வருசம். அதற்கிடையில் கோல்ட்ரேன் 1967இலும் போல் சேம்பர்ஸ் 1969இலும் வின்டன் கெலி 1971இலும் கனன்போல் அடர்லி 1975இலும் பில் எவன்ஸ் 1980இலும் போய்விட்டார்கள். மைல்ஸ் 1991 செப்டெம்பரில் இறந்தார். தாங்கள் வாசித்த வேகத்திலேயே அந்த முதற்பக்கம் வெளிவந்தபோது உயிரோடிருந்தவர் டிரம்ஸ் வாசித்த ஜிம்மி கொப் மட்டும்.

அப்ப எது உண்மையான பதிவு? கூடத்தில் நடந்ததற்குக் கிட்ட நிற்பது 1992 திருத்தம். ஆனால் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஜாஸ் பழகிய ஒரு தலைமுறையின் காதில் இருந்தது அந்த ஏறிய சுருதி. கூடவே வாசிக்கப் பார்த்தவர்களுக்குச் சுருதி சேரவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பழகிய சங்கடம்: மூலம் ஒன்று, மக்கள் கையில் புழங்கியது இன்னொன்று. பாடபேதம் எண்டு தூக்கி எறிய ஏலாது.

'ரீமாஸ்டர்' எண்ட சொல்லைப் பார்த்தவுடன் புதிசு, ஆகவே நல்லது எண்டு நினைக்கிறம். 1980களின் முதல் இறுவட்டுகள் பல மூலநாடாவிலிருந்து அல்ல, பிரதியின் பிரதியிலிருந்து வந்தவை. அவற்றை விடப் பிந்தியவை தெளிவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் நாடாவும் முதுமையடையும். பிறகு சத்தம். இலக்கமுறைப் பதிவில் ஒலி தாண்ட முடியாத ஓர் உச்சவரம்பு இருக்கு. அந்த உச்சங்களை அமுக்கிவிட்டு முழுவதையும் தூக்கினால் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சத்தமாகும். முதற்கேள்வியில் பிரமாதம், அரை மணித்தியாலத்தில் காது களைக்கும்.

புளூ நோட் நிறுவனத்தின் பெரும்பாலான இசைத்தட்டுகளைப் பதிந்த ரூடி வான் கெல்டரே 1990களின் இறுதியிலிருந்து தன் பழைய நாடாக்களைத் தானே மீளச் செப்பனிட்டார். அதைவிடப் பெரிய அத்தாட்சி வேணுமா? ஆனாலும் அந்த வரிசை சத்தம் கூடியது, கூர்மை கூடியது எண்டு குறைப்பட்ட இரசிகர்கள் பலர். பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்யத் தொடங்கிய இளைஞனின் காதும், எழுபது வயது தாண்டியவரின் காதும் ஒன்றா எண்டு எங்களுக்கும் கேட்கத் தோன்றுது.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறதெண்டால், முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாங்கோ. கூடின சத்தம் எப்பவும் வெல்லும். நாங்கள் அப்படிச் செய்துதான் 'சோ வட்'டின் இரண்டு வடிவங்களையும் கேட்டம். திருத்தியதில் பேஸ் ஆறுதலாக நடக்குது, டிரம்பெட்டுக்கு மூச்சுவிட இடமிருக்கு. எங்களில் ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளேல்ல. அவளுக்குப் பழைய, கொஞ்சம் அவசரப்பட்ட வடிவம்தான் வேணுமாம்.