திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளின் தோற்றமும் வளர்ச்சியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

அறிவியற் கருவிகளின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்றும் வலுவுடனேயே இருந்து வருகின்றது. ஹெல்சிங்கி நகர மாணவர் ஒருவர் உலகுக்கு வழங்கிய கொடையாகவே லினக்ஸ் பலராலும் பேசப்படுகின்றது. கொடை என்ற கருத்து, அதற்குப் பின்னுள்ள கூட்டு உழைப்பை மறைத்துவிடுகின்றது. எனவே, அறிவின் உற்பத்திக்கும் அதன் உடைமைக்கும் இடையிலான முரண்பாட்டின் வரலாறாக இதனை நோக்குவதே எமது நோக்கமாகும்.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் செய்நிரல்களுக்கும் இடைநின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, செயலியின் நேரத்தை ஒழுங்குபடுத்தி, கோப்புகளைப் பேணும் அடிப்படை மென்பொருளாகும். மனிதர் எழுதுவதும் வாசிப்பதும் அதன் மூலநிரல். பொறி இயக்குவதோ அதிலிருந்து பெறப்படும் இரும வடிவம். இரும வடிவத்தை மாத்திரம் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம். ஆயின் அதன் உள்ளமைப்பை அறிவதும் குறை களைவதும் அவருக்கு எளிதன்று. மூலநிரல் யாரிடம் உள்ளது என்ற வினா உடைமை பற்றிய வினாவாகவும் அமைவது இதனாலேயே.

தொடக்கத்தில் மென்பொருள் பெரும்பாலும் தனிப் பண்டமாக இருக்கவில்லை. பொறியுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1969இல் மென்பொருளுக்குத் தனிவிலை அறவிடும் முடிவை அறிவித்தமை ஒரு திருப்பமாகும். அதே ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் யூனிக்ஸை ஆக்கத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சி முதலியோரின் உழைப்பும் சேர, 1973இல் அது சி மொழியில் மீள எழுதப்பட்டது. அதனால் வேறுபட்ட பொறிகளுக்கு அதனைக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. இவ்வாய்வுகூடத்தின் தாய் நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி., 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்க ஆணையினால் தொலைத்தொடர்புக்குப் புறம்பான வாணிபத்தில் ஈடுபட முடியாதிருந்தது. ஆகவே யூனிக்ஸ் மூலநிரலுடன் சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. இத்திறந்த தன்மைக்குக் காரணம் முதலாளியின் பெருந்தன்மையன்று. முதலின் மீது சட்டம் இட்ட தளையேயாகும்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ், தம் மாணவருக்காக யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு விரிவானதோர் உரை எழுதினார். 'மூலமும் உரையும்' என்ற பதிப்பு மரபில் பழகிய எமக்கு இம்முயற்சியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. ஆயின் 1979இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடைசெய்தது. லயன்ஸின் உரை ஒளிப்பிரதிகளாகக் கைமாறியே வாழ்ந்தது. 1996இல்தான் அது நூலாக வெளிவந்தது. பாடம் எடுப்பதே உரிமைமீறலாகிய அச்சூழலில், அம்ஸ்டர்டாமில் அன்ட்ரூ டனன்பாம் கற்பித்தலுக்கென மினிக்ஸ் என்ற புதிய முறைமையை எழுதி 1987இல் வெளியிட்டார்.

ஏ.ரி. அன்ட் ரி. 1984இல் பிரிக்கப்பட்டதும் பழைய தளை நீங்கியது; யூனிக்ஸ் முழுமையான பண்டமாயிற்று. இதற்குச் சற்று முன்னர், 1983 செப்ரெம்பரில், ரிச்சட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். 1989இல் வெளியான அதன் பொது உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தையே அதன் நோக்கத்துக்கு எதிராகத் திருப்பியது: எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், ஆயின் மாற்றியதைப் பகிர்பவர் அதே உரிமைகளைப் பிறர்க்கும் வழங்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவகம், 1992இல் இவ்வுரிமத்தின் கீழ் வந்து, குனூவின் கருவிகளுடன் இணைந்து முழு முறைமையாயிற்று. அதே ஆண்டில் பேர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸ் வழிமுறைமைக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 1994இல் இணக்கம் ஏற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்கப்பட வேண்டியிருந்தவை மூன்றே. எஞ்சியவற்றில் உறைந்திருந்தது பல்லாண்டுக் காலக் கூட்டுழைப்பாகும்.

இவ்வெற்றியை மிகைப்படுத்துவதும் தவறாகும். வாணிப உலகுக்கு உவப்பான பெயராக 'திறந்த மூலம்' என்ற தொடர் 1998இல் முன்வைக்கப்பட்டது. 2017 நவம்பரில் உலகின் தலைசிறந்த 500 மீகணினிகள் அனைத்திலும் லினக்ஸே இயங்கியது. 1969இல் மென்பொருளுக்கு விலையிட்ட அதே ஐ.பி.எம்., லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ரெட் ஹற் நிறுவனத்தை 2019இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. பொதுவுடைமையான நிரல் தனியார் இலாபத்தின் மூலப்பொருளாகவும் அமைகின்றது.

எனினும் வரலாறு இங்கு நிறைவுறவில்லை. மூலநிரலை வாசிக்கும் உரிமை வென்றெடுக்கப்பட்டுள்ளது. அது இயங்கும் பெரும் பொறித்தொகுதிகளோ இன்னும் சிலரின் உடைமையாகவே உள்ளன. ஒளிப்பிரதி எடுத்துப் படித்த அன்றைய மாணவர்கள் அறிவு பொதுவாதல் வேண்டும் என்பதைச் செயலால் நிலைநாட்டினர். உற்பத்திச் சாதனங்கள் பற்றிய வினாவை எழுப்புவது எமது காலத்தின் பணியாகும்.