சிறுதேரும் சிறு காரும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இளைஞர் ஒட்டி உருவாக்கும் பிளாஸ்டிக் காரை வீண் விளையாட்டெனக் கருதுவோர் உளர். பொருள் புதிது, விருப்பமோ மிகப் பழையது.

4,000 ஆண்டுகட்கு முற்பட்ட சுடுமண் வண்டிகள் சிந்துவெளியில் கிடைத்துள்ளன. பட்டினப்பாலை சிறுவரின் மூன்றுருளைச் சிறுதேரைக் காட்டுகின்றது. அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, தச்சர் பிள்ளைகளும் விரும்புமாறு புனைந்த தேரைப் பெரும்பாணாற்றுப்படையிற் கூறுகின்றார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர் உருட்டல். ஏறி ஊராவிடினும் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரை, தலைவனைத் தழுவாவிடினும் அவன் நட்பினால் மகிழும் நிலைக்கு உவமையாக்குகின்றது குறுந்தொகை 61-ஆம் பாட்டு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று தச்சன் செய்தான், சிறுவன் உருட்டினான். இன்று சிறுவனே தச்சன். 24-இல் ஒரு பங்கு அளவில், 4.2 மீட்டர்க் கார் 17.5 சென்டிமீட்டராகச் சுருங்குகின்றது. உறுப்புகளைச் சட்டத்தினின்று வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, கதவிடுக்கில் நீர்த்த கருவண்ணத்தை ஓடவிடுகின்றான். கணக்கும் பொறுமையும் கைவழியே வருகின்றன.

ஆதலின், மாணவன் கையிலுள்ள சிறு காரைப் பறித்து வைத்தல் வேண்டா. அதனை மேசைமேல் வைத்தே குறுந்தொகைப் பாடத்தைத் தொடங்கலாம். உவமை தானே விளங்கும்.