ரீடிங் சரி, கண்ணுக்குச் சரியில்லை



பேத்தியின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது கரும்பச்சை அட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது. அச்சகத்துத் தம்பி அடர்த்தி பார்க்கும் கருவியை வைத்து, "ரீடிங் சரியாத்தான் இருக்கு சார்" என்றார். கண்புரை ஆபரேஷன் ஆனவன் நான். என் கண்தான் கோளாறோ என்று ஒரு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். இயற்பியல் வாத்தியார் புத்தி விடுமா?

வழக்கு பழையது. 1935இல் செல்வின் என்பவர் ஃபிலிமின் மணித்தன்மையை எண்ணாக்கினார். 1940களில் கோடாக்கின் ஜோன்ஸும் ஹிக்கின்ஸும் கருவி அளப்பதற்கு ஒரு சொல், கண் உணர்வதற்கு இன்னொரு சொல் என்று பிரித்தே எழுதினார்கள்.

1968இல் காம்ப்பெல், ராப்சன் இருவரும் கேம்பிரிட்ஜில் கோடுகளைக் காட்டிக் கண்ணைச் சோதித்தார்கள். மிக நுண்ணிய கோடு தெரியாது. அகலமாக, மெல்ல மாறும் நிழலும் அவ்வளவாகத் தெரியாது. இடைப்பட்டதுதான் உறுத்தும். 40 செ.மீ. தூரத்தில் பிடித்த தாளில், வெளிர் ஒன்றும் அடர் ஒன்றும் சேர்ந்து சுமார் 2 மி.மீ. வந்தால் கண் உடனே பிடித்துவிடும். 1979இல் ஜெராக்ஸின் டூலியும் ஷாவும் கண்ணின் இந்தக் குணத்தைக் கருவியின் கணக்கில் சேர்த்தார்கள்.

2001இல் வந்த ஐஎஸ்ஓ 13660 அவ்வளவு தூரம் போகவில்லை. தாளை 1.27 மி.மீ. கட்டங்களாக்கி, ஒவ்வொன்றின் சராசரி அடர்த்தியை எடுத்து, அந்தச் சராசரிகளின் திட்டவிலக்கம்தான் திட்டின் அளவு என்றது. (திட்டவிலக்கம் எதற்கு சார் என்று கேட்ட கடைசி பெஞ்சுக்காரர்கள் கவனிக்க!) ஓரத்துக்கு ஓரம் மெல்ல வெளிறினால் எண் ஏறும், கண் கண்டுகொள்ளாது. சின்னத் திட்டோ கட்டத்துக்குள்ளேயே கரைந்துவிடும். பிறகு ஐஎஸ்ஓ/ஐஇசி 24790 அதன் இடத்துக்கு வந்தது.

எந்தக் கணக்கானாலும் கடைசியில் மனிதர்களிடம்தான் சரிபார்க்க வேண்டும். இரண்டிரண்டாகக் காட்டி "எது மோசம்?" என்று கேட்பது. இதற்குக் கணிதம் தந்தவர் தர்ஸ்டன், 1927இல்.

அச்சகத் தம்பியும் பொய் சொல்லவில்லை. அவர் கருவியின் துளையே சில மில்லிமீட்டர். திட்டெல்லாம் அதற்குள் சராசரியாகிவிடும். முதலில் காட்டிய மாதிரி அட்டையையும் வந்த அட்டையையும் எடுத்துப்போய், கடையில் நின்ற ஆறு பேரிடம் கேட்டேன். ஆறு பேரும் வந்த அட்டையையே காட்டினார்கள். தம்பி சிரித்துவிட்டார். வேறு தாளில் மறுபடி அடித்தாயிற்று. செலவில் பாதி என்னுடையது.

உங்களுக்கு வரப்போவது நல்ல பத்திரிகை. திட்டு விழுந்த கட்டு என் மேசையில் இருக்கிறது. பின்பக்கம் கணக்குப் போட ஆகிறது.