உணர்ச்சியைக் கிளர்த்தும் ரஷ்ய மரபுத்தொடர்கள்: ஆங்கில மொழிபெயர்ப்பு

மனம் நெகிழ்வதையும் கலங்குவதையும் சுட்டும் ரஷ்ய மரபுத்தொடர்கள் பலவற்றில், ஆன்மா எனப் பொருள்படும் 'துஷா' என்ற சொல் நடுவிடம் பெற, ஆங்கிலம் அவ்விடத்தில் பெரும்பாலும் இதயத்தையே நாடுகிறது. ஆன்மாவைப் பற்றிக்கொள்ளுதல் என்னும் நேர்ப்பொருளுடைய 'பிராத் ஸா துஷு' என்பதற்கு இணையாக, இதய நரம்புகளைச் சுண்டி இழுத்தல் என்ற ஆங்கிலத் தொடர் வழங்கினாலும், வேண்டுமென்றே கண்ணீர் வரவழைக்கும் செயற்கைத்தன்மையின் சாயல் அதில் ஏறியிருப்பதால், ஆழ்ந்த துயரம் தோய்ந்த இடங்களில் 'ஆழமாக நெகிழச் செய்தது' என எளிமையாகப் பெயர்ப்பதே மூலத்துக்கு நேர்மையானது.

இதனினும் நுட்பமானது 'ஸதேத் ஸா ஷிவோயே' என்பது. உயிருள்ள தசையைத் தீண்டுதல் என்னும் இதன் உருவகம், 'கட் டு தி குயிக்' என்ற ஆங்கிலத் தொடரிலும் அப்படியே உள்ளது. பழைய ஆங்கிலத்தில் 'குயிக்' என்பதற்கு உயிருள்ளது என்றே பொருள். ஆயினும் ஆங்கிலத் தொடர் மனப்புண்ணை மட்டுமே குறிக்க, ரஷ்யத் தொடரோ தன்மானம் புண்படுவதோடு உள்ளம் ஆழமாக அசைக்கப்படுவதையும் குறிக்கக்கூடும்; எனவே உருவக ஒற்றுமையை நம்பிப் பெயர்ப்பவர் பொருளைத் தவறவிட நேர்கிறது. இத்தகைய தொடர்களைத் தொகுத்த சோபியா லூபென்ஸ்கியின் ரஷ்ய-ஆங்கில மரபுத்தொடர் அகராதி 1995-இல் வெளிவந்தது. அதன் திருத்திய பதிப்பை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2013-இல் வெளியிட்டது.