லண்டன் பாலமும் ரயில்வே கேட்டும்

வாய்க்கால் நிறைய தண்ணி வந்தாலும் மடை விடுற அளவுதான் வயலுக்குப் பாயும். ரோட்டுக்கும் இதே கணக்குதான். ஒரே வித்தியாசம், தண்ணி எதிர்த்திசையில வராது; வண்டி வரும். வம்பே அங்கதான்.

இந்த வம்பை முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே லண்டன்காரங்க பட்டிருக்காங்க. தேம்ஸ் ஆற்றின் மேல் 1209-ல் கட்டி முடித்த கல்பாலம் அது. 1750-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரை நகரப் பகுதியில் வண்டி ஆற்றைக் கடக்க வேறு பாலம் கிடையாது. பாலத்தின் மேலேயே இருபுறமும் வீடுகள், கடைகள். நடுவில் மிஞ்சிய பாதை சில இடங்களில் 12 அடிதான். தெற்கே கிராமங்களிலிருந்து பாரம் ஏத்தி வரும் வண்டி, சந்தைக்கு ஓட்டி வரும் ஆடு மாடு எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் நுழையணும். ஆளாளுக்கு இடம் கண்ட பக்கம் ஓட்டினா என்ன ஆகும்? முட்டிக்கிட்டு நிக்கும்.

1722-ல் நகர மேயர் ஒரு உத்தரவு போட்டார். ஊருக்குள் வரும் வண்டி பாலத்தின் மேற்குப் பக்கமாக வரணும், வெளியே போவது கிழக்குப் பக்கமாகப் போகணும். அதாவது, அவரவருக்கு இடதுபக்கம். இதைக் கவனிக்க மூணு ஆளையும் நிறுத்தினாங்க. 1756-ல் அதுவே சட்டமாச்சு. அந்த வீடுகளை இடித்துப் பாதையை அகலமாக்கி முடிக்க 1762 ஆயிடுச்சு. பாருங்க, அகலமாக்க நாற்பது வருஷம். வரிசைக்கு மூணு ஆள்!

1835-ல் இடதுபக்க விதி இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளுக்கெல்லாம் சட்டமாச்சு. வெள்ளைக்காரன் ஆட்சியோடு அந்த வழக்கம் நமக்கும் வந்தது.

விதி வந்துச்சு, வரிசை வரலை. ரயில்வே கேட் மூடினதும் பாருங்க. நாலு வண்டியை முந்த ஒருத்தர் வலதுபக்கம் ஏறுவார், பின்னாலேயே பத்துப் பேர். எதிர்ப்பக்கமும் அதே கதை. கேட் திறந்தா ரெண்டு படை எதிரெதிரே நிக்கும். ரயில் போயிடும், நாம போக முடியாது. இடதுபக்கமே நின்னிருந்தா வரிசை நீளமாத் தெரியும். ஆனா கேட் திறந்ததும் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஓடும்.

விடியக்காலை பறிச்ச கீரைக்கட்டோட நானும் அந்தக் கூட்டத்துல நிக்கிறேன். ஏழு மணிக்குச் சந்தைக்குப் போற கீரையும் ஒன்பது மணிக்குப் போற கீரையும் ஒரே விலைக்குப் போகாதுங்க. லீவுக்கு ஊருக்குக் காரில் வர்றவங்க இதை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். கேட்டுல வலதுபக்கம் காலியா இருந்தா, அது எதிர்ல வர்றவனோட பாதை.