சுகர் கன்ட்ரோல்ல இருந்தா போதுமா? இதய ஆபத்தைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி டெஸ்ட் சொல்வது என்ன?

காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி, ஓசூர் என எங்கு ‘ஃபுல் செக்கப்’ செய்தாலும், சில பேக்கேஜ்களில் சுகர், கொலஸ்ட்ராலுடன் ‘ஹெச்எஸ்-சிஆர்பி’ என்ற வரியும் இருக்கும். சுகர் நார்மல், இது மட்டும் அதிகம் என்றால் பயப்படணுமா?

அது என்ன டெஸ்ட்?

காயமோ தொற்றோ வந்தால், சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற புரதத்தை கல்லீரல் அதிகமாகச் சுரக்கும். உடம்பு சரியானதும் அது குறைந்துவிடும். சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ள பலருக்கு மட்டும் லேசான அழற்சி விடாமல் தொடரும். ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து, அது வெடித்து அடைப்பு ஏற்பட இந்த அழற்சியும் ஒரு காரணம்.

சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வின் முடிவு 2005-ல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாதவர்களைவிட, இருப்பவர்களுக்கு இந்த அளவு அதிகமாக இருந்தது. உடல் கொழுப்பு கூடக்கூட இதுவும் கூடியது.

எவ்வளவு இருக்கலாம்? (ஒரு லிட்டருக்கு மில்லிகிராமில்)

* 1-க்குக் கீழ்: ஆபத்து குறைவு
* 1 முதல் 3 வரை: நடுத்தரம்
* 3-க்கு மேல்: ஆபத்து அதிகம்
* 10-க்கு மேல்: தொற்று, காயம் காரணமாக இருக்கலாம். குணமான பிறகு மீண்டும் பார்க்க வேண்டும்

இதை மட்டும் நம்பலாமா?

கூடாது. சளி, காய்ச்சல், ஈறு வீக்கம், ஆறாத கால் புண் இருந்தாலே இந்த எண் ஏறிவிடும். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண் குறைவாக வந்ததே என்று பிபி, கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் மாத்திரை பொதுவாகவே பரிந்துரைக்கப்படுகிறது. அது கெட்ட கொழுப்புடன் அழற்சியையும் குறைக்கும். புகையை விடுவது, எடை குறைப்பது, தினமும் நடப்பது ஆகியவையும் பலன் தரும்.

டெஸ்டுக்குச் செலவழிக்க முடியவில்லையா? கவலை வேண்டாம். பிபி, சுகர், கொலஸ்ட்ராலைக் கட்டுக்குள் வைப்பதுதான் முக்கியம். சுகர், பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5-ல் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது.

இதை மறக்காதீங்க

சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி வந்தால் ‘கேஸ் பிரச்னை’ என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு அழையுங்கள்.